எஸ்கியூஎல் சேர்வர் 2016 ஐ விட்டு எங்கே போவது?

கணக்கு, விற்பனை விபரங்களைச் சேமித்துவைக்கும் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வர் 2016 க்கான மைக்ரோசொப்டின் ஆதரவு 2026 ஜூலை 14 உடன் முடிகிறது. சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆலைகளிலும் கல்முனை மொத்தக் கடைகளிலும் மட்டக்களப்பு லீசிங் கம்பனிகளிலும் இன்னும் பல இடங்களில் ஓடுவது இந்தப் பதிப்புதான். முடிகிறது என்றால் அன்றைக்கே நின்றுவிடாது. ஓடும். ஆனால் புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் அதை அடைக்கும் பட்ச், அதாவது திருத்தம், சும்மா வராது. பணம் கட்டினால் 3 வருடம் வரை பாதுகாப்புப் பட்ச் மட்டும் கிடைக்கும்.

“தம்பி, ஓடிட்டுத்தானே இரிக்கி, என்னத்துக்கு மாத்துற?” என்று ஆலை முதலாளிமார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. புதுப் பதிப்பின் அம்சப் பட்டியலை அவர் முன்னால் விரித்துவைப்பதால் பதில் கிடைக்காது. அந்தப் பட்டியலில் முக்கால்வாசி அவருக்குத் தேவையில்லாதது. வெக்டர் தேடல், செயற்கை நுண்ணறிவு மொடல் இணைப்பு என்று 2025 பதிப்பில் பெரிதாக விளம்பரப்படுத்துகிறார்கள். நெல் வாங்கி அரிசி விற்கிற இடத்தில் அதை வைத்து என்ன செய்வது? ஆகவே எங்கே வலிக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த வலிக்கு எந்தத் தெரிவு மருந்து தருகிறது என்று ஒப்பிடுகிறேன்.

ஒரு ஆலையை மனதில் வைத்துக்கொள்வோம். சம்மாந்துறையில் ஆலை, கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் வாழைச்சேனையிலும் கிளைகள். ஆலையையும் சேர்த்தால் கணக்கில் நாலு கிளை. தராசு, களஞ்சியம், கணக்கு எல்லாம் ஒரே தரவுத்தளத்தில். 35 ஜிபி அளவு. 30 பேர் வரை பாவிக்கிறார்கள். நம்ம பக்கத்தில் நடுத்தரமான இடம் ஒன்று இப்படித்தான் இருக்கும்.

கையில் உள்ள தெரிவுகள்: பழையதிலேயே இருப்பது, எஸ்கியூஎல் சேர்வர் 2022, எஸ்கியூஎல் சேர்வர் 2025, இலவசத் தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 18. ஒராக்கிளை நான் கணக்கில் எடுக்கவில்லை. வங்கிக்கு அது சரி, ஆலைக்கு அந்த லைசன்ஸ் தாங்காது. ஏற்கெனவே மைஎஸ்கியூஎலில் இருப்பவர்கள் 8.0 இலிருந்து 8.4 க்கு ஏறினால் போதும், இந்தக் குழப்பத்துக்குள் வரத் தேவையில்லை. கிளவுட் பற்றியும் கேட்பார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ச் சொச்சமாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டதைப் பார்த்த முதலாளியிடம், மாதாமாதம் டொலரில் பில் வரும் என்று சொல்லிப் பாருங்கள்.

சரி, வலிக்கு வருவோம்.

பெரும்போக அறுவடை நேரம் ஆலைகளிலிருந்து வரும் புகார்களில் முதலாவது இது: “காலையில நல்லா ஓடிச்சு, பத்து மணிக்குப் பிறகு அசையுதில்ல.” மெமரி கூட்டுவார்கள், எஸ்எஸ்டி போடுவார்கள், பெரிதாக மாறாது. பெரும்பாலும் காரணம் வேறு. ஒரு வேளாண்மைக்காரரின் பெயரில் ஒரு போகத்துக்கு மூன்று நான்கு தராசுத் துண்டு (நெல் நிறுத்த சீட்டு) இருக்கும். ஒரு வட்டை (வயற்பரப்பு) முழுவதற்கும் நெல் சேர்த்துக் கொண்டுவருகிற ஏஜென்டின் பெயரில் பல ஆயிரம் துண்டு இருக்கும். இருவருக்கும் நிலுவை பார்க்கிற ஸ்டோர்ட் புரோசீஜர் (தரவுத்தளத்துக்குள்ளேயே எழுதிவைத்த நிரல்) ஒன்றேதான். காலையில் முதலாவதாகச் சின்ன வேளாண்மைக்காரரின் கணக்கைத் திறந்தால், நாலு வரிக்கு ஏற்ற மாதிரி, புத்தகத்தின் சொல்லடைவு போன்ற இண்டெக்ஸில் ஒவ்வொன்றாகப் போய் எடுக்கிற திட்டத்தைச் சேர்வர் உருவாக்கி நினைவில் வைத்துக்கொள்ளும். பத்து மணிக்கு ஏஜென்டின் கணக்கைத் திறந்தாலும் அதே திட்டம்தான். பல ஆயிரம் வரிக்கும் ஒவ்வொன்றாக ஓடி ஓடி எடுக்கும். திரை உறைந்துவிடும். சேர்வரை மறுபடி போட்டால் சரியாகிவிடும், ஏனென்றால் நினைவில் இருந்த திட்டம் அழிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு “ரீஸ்டார்ட் பண்ணினா சரி” என்று பழகிப்போன இடங்கள் பல.

2022 பதிப்பு இதற்கு நேரடி மருந்து கொண்டுவந்தது. ஒரே வினவலுக்கு (தரவைக் கேட்கும் கட்டளைக்கு) குறைந்த, நடுத்தர, அதிக வரி எண்ணிக்கை என்று மூன்று திட்டம் வரை வைத்திருந்து, வரும் கணக்கு இலக்கத்தைப் பார்த்து எதை ஓட்டுவது என்று தீர்மானிக்கும். கோடில் ஒரு எழுத்தும் மாற்ற வேண்டாம். ஆனால் எந்தப் பதிப்பின் விதிப்படி ஓடுவது என்று சொல்லும், தரவுத்தளத்தின் இணக்க மட்டத்தை 160 க்கு உயர்த்தியிருக்க வேண்டும். இதைச் செய்யாமல் “2022 போட்டும் ஒன்றும் மாறவில்லை” என்று சொல்பவர்கள் ஏராளம். 2016 இலிருந்து கொண்டுவந்த தரவுத்தளம் 130 இலேயே நிற்கும், தானாக உயராது. இன்னொன்று, இந்த வசதி சமன் நிபந்தனைக்கு மட்டும்தான். திகதி இந்த நாளிலிருந்து அந்த நாள் வரை என்று கேட்கிற அறிக்கைக்கு உதவாது.

2025 இன்னும் ஒரு படி போகிறது. நம்ம ஊர் மென்பொருள் எல்லாவற்றிலும் ஒரு தேடல் திரை இருக்கும்: கிளை தெரிவு செய்தால் அந்தக் கிளை, செய்யாவிட்டால் எல்லாக் கிளையும். உள்ளே எழுதியிருப்பது “மதிப்பு காலியாக இருந்தால், அல்லது கிளை சமமாக இருந்தால்” என்ற ஒரே வரி. அந்த வரிக்கு நல்ல திட்டம் ஒன்று அமைவதே இல்லை. 2025 இல், மட்டம் 170 இல், மதிப்பு வந்ததா வரவில்லையா என்று பார்த்து இரண்டுக்கும் தனித்தனித் திட்டம் போடுகிறது. என்னைக் கேட்டால் 2025 பதிப்பின் உண்மையான பரிசு இதுதான்.

போஸ்ட்கிரெஸில் கதை வேறு. தயார்செய்த வினவலின் முதல் ஐந்து ஓட்டத்துக்கும் வந்த மதிப்பைப் பார்த்துப் புதுத் திட்டம் போடும். அப்புறம் பொதுத் திட்டத்தின் செலவு அவ்வளவு மோசமில்லை என்று தோன்றினால் அதற்கு மாறிவிடும். அந்த மாற்றம் பிழைத்தால் ஏஜென்டின் கணக்கு அங்கேயும் உறையும். ஆனால் எப்போதும் புதுத் திட்டம்தான் வேண்டும் என்று ஒரே அமைப்பில் சொல்லிவிடலாம், ஒவ்வொரு முறையும் திட்டம் போடும் சின்னச் செலவைத் தாங்கினால் போதும்.

இரண்டாவது வலி, காத்திருப்பு. பின்னேரம் கணக்குப் பகுதியில் அன்றைய துண்டுகளுக்கு விலை போடுகிறார்கள். மாற்றுகிற வரியை மற்றவர் தொடாமல் மறிப்பது வரிப் பூட்டு. விலை போடும் அந்த ஒரே கட்டளை ஏறத்தாழ 5,000 வரிப் பூட்டைத் தாண்டினால் எஸ்கியூஎல் சேர்வர் வரிப் பூட்டை விட்டு முழு அட்டவணையையும் பூட்டிவிடும். வெளியே லொறி வரிசை, உள்ளே தராசுக்காரர் துண்டு அடிக்க முடியாமல் நிற்கிறார். 2025 பதிப்பின் மேம்பட்ட பூட்டு முறையில் வரி மாற்றப்பட்டவுடன் அந்த வரிப் பூட்டு விடுபடும். கடைசி வரை நிற்பது பரிவர்த்தனையின் (ஒன்றாக முடிய வேண்டிய வேலைத் தொகுதியின்) அடையாளத்தின் மேல் ஒரே ஒரு பூட்டு. ஆகவே முழு அட்டவணைக்குப் பூட்டு ஏறுகிற சந்தர்ப்பம் வெகுவாகக் குறைகிறது. போஸ்ட்கிரெஸில் அப்படிப் பூட்டு ஏறுவதே கிடையாது, வாசிப்பவர் எழுதுபவரை மறிப்பதும் இல்லை. பதிலுக்கு, மாற்றிய வரியின் பழைய பிரதிகள் அட்டவணையிலேயே கிடக்கும், வெக்யூம் என்ற துப்புரவு வேலை வந்து கூட்டிப் பெருக்க வேண்டும். அதைக் கவனிக்காத இடங்களில் 10 ஜிபி அட்டவணை 30 ஜிபியாக ஊதிப்போகும்.

இங்கே ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். ரீட் கமிட்டட் ஸ்னாப்ஷொட் என்ற அமைப்பு 2016 இலேயே இருக்கிறது. அணைத்துவைக்கப்பட்டிருக்கும், அவ்வளவுதான். அதைப் போட்டால் வாசிப்பவர் எழுதுபவருக்காகக் காத்திருக்கும் தொல்லை இன்றைக்கே தீரும், ஒரு டொலரும் செலவில்லை. தற்காலிகத் தரவை வைக்கும் டெம்ப்டிபி கொஞ்சம் பெருக்கும், அதற்கு இடம் பார்த்துவைத்தால் சரி. கடன் வரம்பைப் பார்த்துவிட்டு எழுதுகிற மாதிரியான புரோசீஜர்களை மட்டும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இப்போது அவை வாசிப்பது சற்று முந்தைய நிலையாக இருக்கலாம். இதைச் செய்துபார்க்காமல் புதுப் பதிப்புக்குப் பணம் கட்டச் சொல்பவரை நான் நம்ப மாட்டேன்.

மூன்றாவது, கரண்ட். மாரியில் கரண்ட் போவது நமக்குப் புதிதல்ல. யூபிஎஸ் பட்டரி செத்துப்போய் சேர்வர் திடீரென்று விழுந்தால், பெரிய பரிவர்த்தனை ஒன்று பாதியில் நின்றிருந்தால், 2016 இல் எழும்பிய பிறகு அந்தப் பாதி வேலையை முழுவதுமாகத் திருப்பும் வரை தரவுத்தளம் மீட்பு நிலையிலேயே கிடக்கும். ஒரு மணித்தியாலம் ஓடிய வேலையைத் திருப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் போகலாம். 2019 இல் வந்த துரித மீட்பு முறை இதை மாற்றியது. பழைய பிரதிகள் தரவுத்தளத்துக்குள்ளேயே இருப்பதால் திருப்புவது கிட்டத்தட்ட உடனே முடியும். 2022, 2025 இரண்டிலும் இது உண்டு, ஆனால் நீங்களாகத்தான் போட வேண்டும். 2025 இன் பூட்டு முறைக்கும் இது போட்டிருக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் இந்தப் பிரச்சினை இயல்பிலேயே இல்லை. கடைசிச் சோதனைப் புள்ளியிலிருந்து (தரவு கடைசியாக டிஸ்க்கில் எழுதப்பட்ட இடத்திலிருந்து) மாற்றங்களின் பதிவை மறுபடி ஓட்டும், திருப்புகிற கட்டம் கிடையாது.

தமிழ் எழுத்தைப் பற்றி இந்த மாதிரி ஒப்பீடுகளில் யாரும் எழுதுவதில்லை. பெயர், ஊர் எல்லாம் தமிழில் பதிகிற இடங்களுக்கு இது முக்கியம். 2019 முதல் எஸ்கியூஎல் சேர்வரில் எழுத்து வைக்கும் சாதாரண வார்சார் பத்தியிலேயே யூடிஎஃப்-8 என்ற குறியீட்டு முறையில் வைக்கலாம், இடம் மிச்சம் என்று சொல்வார்கள். ஆங்கிலத்துக்கு மிச்சம். தமிழுக்கு நட்டம். யூடிஎஃப்-8 இல் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், யூனிகோட் எழுத்துக்கான என்வார்சார் பத்தியில் 2 பைட். சம்மாந்துறை என்ற பெயரில் புள்ளி, உயிர்க்குறி எல்லாம் சேர்த்து 11 குறியீடு. என்வார்சாரில் 22 பைட், யூடிஎஃப்-8 இல் 33. அதோடு, வரி அல்லது பக்கச் சுருக்கம் போட்டால் என்வார்சார் இன்னும் சுருங்கும். 2016 இன் முதல் சேர்விஸ் பேக்கிலிருந்து ஸ்டாண்டர்ட் என்ற நடுத்தர எடிஷனிலும் அது கிடைக்கிறது. போஸ்ட்கிரெஸில் யூடிஎஃப்-8 தான் வழி, சின்னப் பெயர்களைச் சுருக்குவதும் இல்லை. இடம் பெரிய காரணமில்லை என்றாலும் தெரிந்திருக்க வேண்டும்.

வரிசை இதைவிட முக்கியம். யூனிகோடில் ன என்ற எழுத்து ந வுக்கு அடுத்ததாக இருக்கிறது, நம்ம அரிச்சுவடியில் அது கடைசி மெய். குறியீட்டு எண்ணை வைத்து வரிசைப்படுத்தினால் கனகா முன்னாலும் கமலா பின்னாலும் வரும். போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற மொழி நூலகத்தின் தமிழ் வரிசையை அந்தப் பத்திக்கு மட்டும் கொடுக்கலாம், சரியாக வரும். 17 இல் வந்த உள்ளமைந்த வரிசை முறை வேகமானது, ஆனால் அது வெறும் குறியீட்டு எண் வரிசை. பெயர்ப் பட்டியலுக்கு அதை வைக்காதீர்கள். எஸ்கியூஎல் சேர்வரில் உங்கள் கொலேஷனில் (எழுத்து வரிசை அமைப்பில்) இந்த இரண்டு பெயரையும் போட்டு ஒரு முறை வரிசைப்படுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இனிக் காசு. 2022 ஸ்டாண்டர்டின் அமெரிக்கப் பட்டியல் விலை சேர்வர் புரொசெசரின் இரண்டு கோருக்கு 3,945 டொலர். குறைந்தது 4 கோர் வாங்க வேண்டும், 7,890 டொலர். மற்ற வழி, சேர்வருக்கு 989 டொலரும் ஆளுக்கு 230 டொலரும். 30 பேருக்கு 7,889. அதாவது 4 கோர் இயந்திரத்தில் 30 பேர் வரை ஆள் கணக்கு லாபம், அதற்கு மேல் கோர் கணக்கு. 8 கோர் இயந்திரம் என்றால் அந்த எல்லை 64 பேருக்குப் போகும். பழைய 16 கோர் சேர்வரை யாராவது மலிவாகத் தந்தால் சந்தோசப்படாதீர்கள், லைசன்ஸ் கணக்கு அங்கே முழிக்கும். தராசில் மூன்று ஷிப்டுக்கு மூன்று பேர் ஒரே கணினியில் இருந்தால் ஆளுக்கு எடுக்காமல் கணினிக்கு எடுங்கள். ஏஜென்டுகள் போனில் நிலுவை பார்க்கும் செயலி இருந்தால் அவர்களும் எண்ணிக்கையில் வருவார்கள், இடையில் வலைச் சேர்வர் இருப்பதால் குறையாது. அப்படியான இடத்துக்கு ஆள் கணக்கு சரிவராது. விஎம்மில் (மெய்நிகர் இயந்திரத்தில்) ஓடுகிறவர்களுக்கு இன்னொன்று: 2022 முதல் விஎம் அளவில் லைசன்ஸ் எடுக்க சொப்ட்வெயார் அஷ்யூரன்ஸ் என்ற மைக்ரோசொப்டின் கட்டணத் திட்டம் அல்லது சந்தா கட்டாயம்.

அம்சப் பட்டியலை வாசிக்கும்போது எந்த எடிஷனில் என்று பாருங்கள். சாதாரண அட்டவணையில் அறிக்கைகளை வேகமாக்கும் பட்ச் மோட் (வரிகளைத் தொகுதியாகக் கையாளும் முறை, மேலே சொன்ன பாதுகாப்புப் பட்ச் அல்ல) என்டர்பிரைஸ் எடிஷனில் மட்டும். அது இரண்டு கோருக்கு 15,123 டொலர். நம்ம பக்கத்தில் யாருக்கும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

இங்கேதான் 2025 எக்ஸ்பிரஸ் விளையாட்டை மாற்றுகிறது. இலவசப் பதிப்பில் ஒரு தரவுத்தளத்துக்கு 10 ஜிபி என்ற எல்லையால்தான் பலர் ஸ்டாண்டர்டுக்குப் போனார்கள். 2025 இல் அது 50 ஜிபி. நம்ம உதாரண ஆலையின் 35 ஜிபி அதற்குள் அடங்கும். அப்படியென்றால் சும்மா கிடைக்கிறதே, முடிந்தது என்று நினைக்கலாம். அவசரப்படாதீர்கள். தரவை வைக்கும் மெமரி இன்னமும் 1,410 எம்பிதான், கோர் அதிகபட்சம் 4. அன்றாடம் தொடுவது இந்தப் போகத்துத் துண்டுகள் மட்டும் என்றால் அது மெமரியில் அடங்கும், நன்றாக ஓடும். முதலாளி ஐந்து வருட ஒப்பீட்டு அறிக்கை கேட்கிற இடத்தில் டிஸ்க்கைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் எஸ்கியூஎல் ஏஜென்ட் சேவையும் இல்லை, ஆகவே இரவு பக்கப்பை (தரவின் பாதுகாப்புப் பிரதியை) விண்டோஸ் டாஸ்க் ஷெடியூலரில் கட்ட வேண்டும். கல்முனைப் பஸாரில் மூன்று நான்கு கணினியில் ஓடும் கடைக்கு இது தாராளம். நாலு கிளை ஆலைக்கு, சோதித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

போஸ்ட்கிரெஸ் 18 க்கு லைசன்ஸே இல்லை. 2025 செப்டெம்பர் 25 இல் வந்தது. பெரிதாகப் பேசப்படுவது ஒத்திசைவற்ற வாசிப்பு. ஒரு பக்கத்தைக் கேட்டுவிட்டு அது வரும் வரை சும்மா நிற்காமல் அடுத்தவற்றையும் கேட்டுவிடும், மூன்று மடங்கு வரை வேகம் என்கிறார்கள். டிஸ்க் தாமதமான இடத்தில், அதாவது கிளவுடில், அது தெரியும். தரவு மெமரியில் அடங்கிய, உள்ளூர் எஸ்எஸ்டி போட்ட ஆலைச் சேர்வரில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். எழுதுவதற்கு எந்த உதவியும் இல்லை. எனக்குப் பிடித்தது இண்டெக்ஸ் தாவல். இண்டெக்ஸ் கிளை, திகதி என்ற வரிசையில் இருக்கிறது, அறிக்கை எல்லாக் கிளைக்கும் நேற்றைய திகதியைக் கேட்கிறது என்று வைப்போம். 18 இல் நாலு கிளையையும் தாவித் தாவி அதே இண்டெக்ஸைப் பாவிக்கும். எஸ்கியூஎல் சேர்வரில் திகதிக்கு இன்னொரு இண்டெக்ஸ் கட்ட வேண்டும், ஒவ்வொரு துண்டு அடிக்கும்போதும் அதையும் எழுத வேண்டும்.

இவ்வளவு இருந்தும் ஓடிக்கொண்டிருக்கும் ஆலையைப் போஸ்ட்கிரெஸுக்கு மாற்றச் சொல்ல நான் தயங்குவேன். காரணம் வேகம் அல்ல, கோட். கணக்கு விதிகள் முழுவதும் நூற்றுக்கணக்கான ஸ்டோர்ட் புரோசீஜருக்குள் இருக்கும், எழுதியவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போயிருப்பார். ஒவ்வொன்றையும் மறுபடி எழுத வேண்டும். சின்ன எழுத்து பெரிய எழுத்து வித்தியாசம் பார்க்காமல் ஒப்பிடுவது எஸ்கியூஎல் சேர்வரில் வழக்கம், போஸ்ட்கிரெஸில் அப்படியில்லை. லொறி இலக்கத்தைச் சின்ன எழுத்தில் அடித்தால் கிடைக்காமல் போகும். இன்னொன்று, போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் ஆதரவு 5 வருடம், 18 க்கு 2030 வரை. எஸ்கியூஎல் சேர்வர் 2022 க்கு 2033 வரை, 2025 க்கு 2036 வரை. போட்டுவிட்டு மறக்கிற பழக்கம் உள்ள இடத்துக்கு இந்த வித்தியாசம் பெரியது.

ஆகவே என் தெரிவு இப்படி. கோட் உங்கள் கையில், எழுதிய ஆள் ஊரில், புதிதாக ஒன்று கட்டுகிறீர்கள் என்றால் போஸ்ட்கிரெஸ் 18, யோசிக்க வேண்டாம். சின்னக் கடைக்கு 2025 எக்ஸ்பிரஸ். நம்ம உதாரண ஆலைக்கு 2022 ஸ்டாண்டர்ட். 2025 நல்லதுதான், ஆனால் 2025 நவம்பரில் வந்த பதிப்பை முதல் வருடத்திலேயே தராசு ஓடுகிற சேர்வரில் ஏற்ற எனக்கு மனம் வராது. அறிக்கைகள் ரிப்போர்டிங் சேர்விசஸில் இருந்தால் இன்னொரு காரணமும் உண்டு: அதன் கடைசிப் பதிப்பு 2022 தான், 2025 உடன் அது பவர் பிஐ ரிப்போர்ட் சேர்வருக்குள் போய்விட்டது. பூட்டுக் காத்திருப்புத்தான் உங்கள் முதல் வலி, ஸ்னாப்ஷொட் போட்டும் தீரவில்லை என்றால் மட்டும் 2025 ஸ்டாண்டர்டைப் பாருங்கள்.

பணம் கட்டி 2016 இலேயே இருப்பது? ஆளில்லாத, விற்பனைக்குப் போகிற, அல்லது வேறு மென்பொருளுக்கு மாறப்போகிற இடத்துக்கு மட்டும்.

எப்போது செய்வது என்பதும் முடிவின் ஒரு பகுதி. பெரும்போக நெல் ஏப்ரலுக்குள் பெரும்பாலும் வந்து முடியும், சிறுபோக நெல் ஜூலை கடைசியில் தொடங்கும். இடையில் மே, ஜூன் தான் நமக்குக் கிடைக்கும் இடைவெளி. அதற்கு முன்னரே 2016 இல், வினவல்களையும் அவற்றின் திட்டங்களையும் பதிந்துவைக்கும் குவெரி ஸ்டோரைப் போட்டு, நெல் வரும் நேரத்து வினவல்களைப் பதியவிடுங்கள். அப்புறம் புது இயந்திரத்தில் 2022 ஐப் போட்டு பக்கப்பை மீட்டெடுங்கள். பழைய விண்டோஸ் சேர்வர் 2012 ஆர்2 இல் 2022 ஏறாது என்பதால் அநேகமாகப் புது விண்டோஸும் தேவைப்படும். மட்டத்தை 130 இலேயே வைத்து ஒரு வாரம் ஓட்டி, பிறகு 160 க்கு உயர்த்துங்கள். எந்த வினவலாவது மோசமானால் குவெரி ஸ்டோரில் பழைய திட்டத்தை அந்த ஒன்றுக்கு மட்டும் கட்டாயப்படுத்தலாம். தராசுக் கணினியில், சேர்வரோடு இணைக்கும் ஓடிபிசி 18 டிரைவர் போட்டால் இணைப்பு மறையாக்கம் இயல்பாகவே போட்டிருக்கும், சான்றிதழ் சரியில்லை என்று இணைய மறுக்கும். அதை மாற்றத்துக்கு முந்திய நாள் பார்த்துவையுங்கள், லொறி நிற்கும்போது அல்ல. 2022 இல் எடுத்த பக்கப்பை 2016 இல் மீட்க முடியாது என்பதால், பழைய சேர்வரையும் அதன் கடைசிப் பக்கப்பையும் சிறுபோகம் முடியும் வரை கழற்றாமல் வைத்திருங்கள்.